சோறு போடாத கூட்டம்

ஜனவரி 22, வியாழன்

ஜெர்மன்காரர் நாளை வருகிறார். திருப்பாலைக்குடிச் சேற்றில் எங்கள் நிறுவனம் வளர்க்கப்போகும் அலையாத்திக் காடு காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்போகிறார்கள். ஊர்ச் சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது என்று உலக விதி இருக்கிறது. அந்தச் சம்மதத்தைத் தன் காதால் கேட்டுச் சரிபார்க்கத்தான் தணிக்கையாளரான அவர் வருகிறார். மொழிபெயர்ப்பது நான். கூட்டம் எங்கள் வீட்டில். உம்மா காலையிலிருந்து அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

முடிந்தது. ஓடையில் நண்டு பிடிக்கும் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு - என் ஏற்பாடு. ஜெர்மன்காரர் சப்பணமிட்டு உட்கார்ந்து, காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே உம்மாவின் பிரியாணியைக் கையால் சாப்பிட்டார். பெண்களுக்கு அவரை அங்கேயே பிடித்துவிட்டது.

கை காய்வதற்குள் அவர் கேட்டார்: ஓடையையும் சேர்த்து முப்பது வருஷத்துக்கு வேலி போடலாமா? "ஆகட்டும்யா." அங்கே நண்டு பிடிப்பதை விட்டுவிடுவீர்களா? "அப்படியே செஞ்சிருவோம்யா." எல்லாவற்றுக்கும் இதே பதில். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் மேலாளர் பிரபாகரன் சாருக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏன் இவ்வளவு சுலபமாக முடிந்தது?

ஜனவரி 26, திங்கள்

முருகலட்சுமி அக்கா மீன் ஏலம் விடும் இடத்துக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். நண்டு பிடிக்கும் பெண்களில் அவர் பேச்சுக்குத்தான் மரியாதை.

"ஏ மர்வா, வேலி எங்கன போடப்போறாக? ஓடைய விட்டுட்டுத்தான?"

"ஓடையும் சேத்துத்தான் அக்கா. நீங்கதான ஆகட்டும்னீங்க?"

"பின்ன? உங்க உம்மா கையால தின்னுட்டு, அந்த வீட்டுலயே உக்காந்து, வந்த விருந்தாளி மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்லச் சொல்றியா? நல்லாருக்கு தாயி நீ பேசுறது."

அறிவுகெட்டவளே, மர்வா! இது உனக்குத் தெரியாதா? பெண் கேட்டு வந்தவர்களுக்கு மறுப்புச் சொல்வதாக இருந்தாலும், சாப்பாடு போட்டு, சிரித்து அனுப்பிவிட்டு, மறுநாள் வேறு ஆள் மூலம்தானே சொல்லிவிடுவார்கள்? இங்கேயே பிறந்து வளர்ந்துவிட்டு, முதலில் சோற்றைப் போட்டு, பிறகு சம்மதம் கேட்டிருக்கிறேன்.

காடு வேண்டும். புயலைப் பார்த்தவள் நான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு ஓடைதான் வயல். அதை அடைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

பிப்ரவரி 3, செவ்வாய்

ராமநாதபுரம் ஆபீஸில் பிரபாகரன் சாரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவங்க சரின்னது வீடியோவுல இருக்கு மர்வா. இதக் கிளறுனா திட்டமே போயிரும். வருஷா வருஷம் உலக நாடெல்லாம் மாநாடு கூடிப் பேசுது, இந்தக் கரையில ஒரு கன்னு நட்டாங்களா? இப்பதான் ஒண்ணு கைகூடி வருது. உங்க வேலையும் இதுலதான் இருக்கு, பாத்துக்கங்க."

அவர் கடலாடிக்காரர். ஆழ்துளைக் கிணறு உப்பாகிப்போன நிலத்தில் பிறந்தவர். காடு வரவேண்டும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. வேலை போனால் வீடு எப்படி நடக்கும்?

பிப்ரவரி 4, புதன்

ஜெர்மன்காரருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். "அன்று அவர்கள் உங்களுக்குச் செய்தது உபசாரம். அதைச் சம்மதம் என்று மொழிபெயர்த்தது என் தவறு. மறுபடி வந்து கேளுங்கள்." சாருக்கும் ஒரு பிரதி. ஒளித்துச் செய்ய எனக்கு வராது.

பிப்ரவரி 12, வியாழன்

வருகிறாராம்! 25ஆம் தேதி. அப்போது நோன்பு தொடங்கியிருக்கும். சார் விறைப்பாகத்தான் பேசினார்: "நோன்பு நேரத்துல எதுக்கு? பெருநாள் கழியட்டும். வந்தவருக்கு ஒரு வாய் டீ கூடக் குடுக்க முடியாதே."

அதுதான் சார் வேண்டும் என்றேன்.

உம்மாவோடுதான் பெரிய சண்டை. "வந்த மனுசன வெறும் வாயோட உக்கார வைப்பியா?"

"பொழுது அடைஞ்சு மஃரிபு ஆனப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கஞ்சி ஊத்துங்க உம்மா. அதுவரைக்கும் கூடாது."

பிப்ரவரி 25, புதன்

இந்த முறை கூட்டம் வீட்டில் இல்லை, ஓடைக்கரையில். ஜெர்மன்காரர் விசாரித்துவிட்டு வந்திருந்தார், தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே வைத்துவிட்டார். நோன்பு இல்லாத பெண்களும் எதுவும் கொண்டுவரவில்லை. "எங்ககூட நண்டு பிடிக்கிற ஹபீபா அக்கா நோன்பு வச்சுக் காஞ்ச வயிறோட நிக்கையில நாங்க மட்டும் குடிப்போமாக்கும்?"

ஜெர்மன்காரர் அதே கேள்வியைக் கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஏதாவது எடுத்துக்கொடுத்துவிடுவேனோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முருகலட்சுமி அக்கா எழுந்தார். "மரம் நடுங்கய்யா. நாங்களே எறங்கி நட்டுத் தாரோம். ஓடைய அடைக்க மட்டும் விடமாட்டோம்."

அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் என்றால் பேத்திகளுக்கே கல்யாணம் ஆகிவிடும் என்று ஒரே சத்தம். உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று அவர் திரும்பக் கேட்டார். "இந்தாளுக்குக் காது மந்தமா?" என்றார் அக்கா. அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பிரபாகரன் சார் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாங்கு சொன்னதும் உம்மா பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் கொண்டுவந்து இறக்கினார். ஜெர்மன்காரர் மறுகிண்ணம் வாங்கிக் குடித்தார். ஊற்றிக்கொடுத்ததே முருகலட்சுமி அக்காதான்.

மார்ச் 9, திங்கள்

திட்டம் என்ன ஆகும் என்று ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

புதிய வரைபடம் வந்துவிட்டது. வேலி ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. திட்டம் சிறுத்துவிட்டது, விமான நிறுவனம் முகத்தைச் சுளித்தாலும் ஓடிவிடவில்லை. அக்காவிடம் காட்டினேன். ஓடையைக் காட்டும் நீலக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல" என்றார்.

சாயங்காலம் பிரபாகரன் சார் போன் செய்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசாதவர். அடுத்தது தேவிபட்டினமாம், அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். தேதியைச் சொன்னார். நான் வரவேண்டும் என்றார். போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"மர்வா, சாப்பாடு கூட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி சார்," என்றேன்.