நிமிர்த்தி வைத்தால் அணைந்துவிடும் கம்பியூட்டர்

என் மச்சானுக்கு,

ஸலாம் சொல்லாமல் உங்களிடம் எந்தக் கதையையும் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கடைசியாகப் பாகம் பாகமாய் வாங்கிப் பூட்டித் தந்த கம்பியூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் மவுத்தான நாளிலிருந்து நான் இத்தாவில், புருஷன் போனவளுக்குரிய அந்த நாலு மாதம் பத்து நாளில், இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன். நடு அறையும் சமைக்கிற குசினியும்தான் என் எல்லை. ஜன்னலில் தடித்த சீலை தொங்குகிறது. கச்சான் காற்று தென்னைகளை உலுப்புவது கேட்கிறது, பார்க்க முடிவதில்லை. துணைக்கு உங்கள் ராத்தா, என் மதினி, வந்து நிற்கிறா.

எனக்கென்று திறந்திருந்தது அந்தத் திரை ஒன்றுதான். நான் படம் வரைந்து கொடுக்கிற குருநாகல் இஞ்சினியர் சேர் வேலையை நிறுத்தாமல் அனுப்பினார். சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பிப் போகிறவர்களின் வீட்டுப் பிளான்கள். தொண்ணூறில் புலிகள் வெளியேறச் சொன்னபோது உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமி வெளியேறிய அந்த மண்ணில், அடைத்த அறைக்குள் இருந்துகொண்டு நான் கதவும் ஜன்னலும் வரைந்தேன்.

ஆனால் உங்கள் கம்பியூட்டர் என்னை வரைய விடவில்லை. சுவர்களை முடித்துக் கதவை வைக்கப் போவேன். திரை நீலமாகிச் செத்துவிடும். சில நாள் திறந்த உடனே, சில நாள் நடுப்பகல் லுஹர் வரைக்கும் நன்றாக ஓடிவிட்டு. ஒரு ஒழுங்கு இருந்தால் பிடித்துவிடலாம். ஒழுங்கே இல்லாததை எங்கே பிடிப்பது? காற்றாடிச் சத்தம் நின்றதும் அறை இன்னும் சின்னதாகிப்போகும்.

திருத்துகிறவரைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

“அந்நிய ஆம்புள உள்ளுக்கு வரக் கூடா புள்ள,” என்றா உங்கள் ராத்தா.

போனில் வீடியோ பார்த்து நானே தொடங்கினேன். விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ரேம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் போட்டு ஓட்டினேன்; பிறகு மற்றதை. சூட்டைப் பார்த்தேன், வயர்களை இறுக்கினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அது மட்டும் சாவதை விடவில்லை.

கடைசியில் ராத்தாவே அதைத் திரீவீலில் ஏற்றிப் புத்தளம் டவுனுக்குக் கொண்டுபோனா. கடைக்காரர் பகல் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு பிழையுமில்ல, உங்கட வீட்டுக் கரண்டுலதான் ஏதும்,” என்றாராம். வீட்டுக்கு வந்து போட்டேன். அஸருக்குப் பாங்கு சொல்வதற்கு முன் செத்தது.

“வித்துப் போடுவம் புள்ள,” என்றா ராத்தா. “ஒனக்கு நாங்க சோறு போட மாட்டமா?”

அன்பாகத்தான் கேட்டா. ஆனால் இத்தாவுக்கு ஒரு முடிவு இருக்கிறது. அந்தச் சோற்றுக்கு முடிவு இருக்குமா, மச்சான்? சேரும் போன் எடுத்து, “ஏலாட்டிச் சொல்லுங்க தங்கச்சி, இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுக்கிறன்,” என்றார். நாளைக்கு மட்டும் பொறுக்கச் சொன்னேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கடையில் நல்லா ஓடியது, வீட்டில் ஏன் சாகிறது? யோசித்து யோசித்து ராத்தாவிடம் கேட்டேன்.

“மதினி, கடையில இத எப்பிடி வெச்சிருந்தாங்க?”

“எப்பிடின்னா? மேசையில படுக்கப்போட்டு, மூடியக் கழட்டிட்டுத்தான்.”

நான் மேசைக்குக் கீழே நிமிர்த்தி வைத்திருந்தேன். உடனே படுக்கப்போட்டேன். அன்றைக்கு மிச்சப் பொழுதும், மறுநாள் காலையும் ஒரு தடவைகூட அணையவில்லை. நிமிர்த்தினேன்; கொஞ்ச நேரத்தில் திரை நீலமானது.

அப்படியென்றால் நிமிர்த்தும்போது உள்ளே ஏதோ போய் எதிலோ முட்டுகிறது. ராத்தா போன் வெளிச்சம் பிடிக்க, நீங்கள் பூட்டிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உங்கள் கை கடைசியாக இறுக்கிய ஆணிகள். கழற்ற மனமே வரவில்லை, கழற்றாமலும் வழியில்லை. பெரிய போர்டை வெளியே தூக்கியதும் தெரிந்தது. அதைத் தாங்குகிற பித்தளைக் கால்களில் ஒன்று, போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்றது. நிமிர்த்தினால் போர்டில் பூட்டிய கனத்த காற்றாடியின் பாரத்தில் போர்டு வளைந்து அதில் உரசியிருக்கிறது. பின்பக்கத்தில் கீறல்கூட இருந்தது.

“இந்த மனுசன்! புத்தகத்தப் பாத்துப் பூட்டுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!” என்று கத்திவிட்டேன்.

“அவனா? புத்தகமா?” என்றா ராத்தா. “சின்னதுல சைக்கிளக் கழட்டிப் பூட்டுவான். கடைசியில ரெண்டு ஆணி மிஞ்சும். கேட்டா, அது கூடிப்போச்சாம்!”

இருவரும் சிரித்தோம். நீங்கள் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அது எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. உங்களோடு ஒரு நல்ல சண்டை பிடிக்க வேண்டியிருந்தது எனக்கு. யாரிடம் போய்ப் பிடிப்பேன்?

அந்தக் காலைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். இப்போது நிமிர்ந்து நின்றே ஓடுகிறது. பிளான் முடிந்து சேருக்குப் போய்விட்டது, அவர் அடுத்ததை அனுப்பிவிட்டார். சீலை இன்னும் ஜன்னலில்தான் தொங்குகிறது.

பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் உங்களைத் தங்கமான மனுசன் என்கிறார்கள். கேட்கக் கேட்க, நான் அறியாத யாரோ ஒருவராக மாறிக்கொண்டு போகிறீர்கள். நான் அதற்கு விடமாட்டேன், மச்சான். பிடிவாதக்காரர், சொல் கேளாதவர், எனக்காக ஆசை ஆசையாய்ப் பிழையாகப் பூட்டியவர்: அந்த ஆளைத்தான் வைத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

இன்னும் உங்களோடு கோபம் ஆறாத
உங்கள் மனுசி,
சுலைஹா