லேபிள் உரிக்காத பாட்டில்கள்

மார்ச் 3

கண்ணாடி பாட்டில் எடுக்கும் வண்டி வரும் நாள். அண்ணன் காலையிலேயே குழாயடியில் உட்கார்ந்து, ஊறவைத்த பாட்டில்களின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். பச்சை தனி, வெள்ளை தனி.

வண்டிக்காரம்மா கூடையைத் தூக்கிப் பார்த்தாள். “தெருவே குப்பை போடுது. உங்கண்ணன் மட்டும் கடைக்குச் சரக்கு அனுப்புறாரு.”

அண்ணனும் சிரித்தார். அவள் போனதும், “யாரு பாப்பா இந்தம்மா?” என்றார்.

வருடக்கணக்காக வருகிறவள்.

மார்ச் 11

பழைய பேப்பர் கட்டுக்குள் வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

மார்ச் 16

அலுவலகத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். குப்பென்று நெடி. பெயின்டில் கலக்கும் தின்னர்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தின்னர் பாட்டில் பளபளவென்று கூடையில் இருக்கிறது. “காலி பண்ணாம குடுத்தா எடுக்க மாட்டாங்க பாப்பா” என்கிறார். தின்னர், பேட்டரி, பல்பு எல்லாம் மாதம் ஒருமுறை வரும் வேறு வண்டிக்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

பகல் பூரா தனியா இருக்கிற மனுஷன். அவரே அதைக் குடிச்சிருந்தா? நான் என்ன பண்ணுவேன்?

மார்ச் 28

மாதம் ஒருமுறை வரும் அந்த வண்டி வந்தது. தின்னர், பூச்சிமருந்து, பினாயில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக உள்ளே வந்தால் காஸ் திறந்து கிடக்கிறது.

அடுப்பை எந்த வண்டியில் ஏற்றுவது?

ஏப்ரல் 13

முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன். கட்டிலில் உட்கார்ந்து, “சீக்கிரம் கிளம்பலாம் பாப்பா, நாளைக்குக் கண்ணாடி எடுக்க வருவாங்க” என்றார்.

சரிண்ணே என்றேன்.

ஏப்ரல் 20

இல்லத்து நர்ஸ் பேசினாள். “எல்லாரோட மருந்து பாட்டிலையும் ஊறப்போட்டு லேபிளை உரிச்சுட்டாருங்க. எது யாரோடதுன்னே தெரியல. இப்படியே பண்ணினா நாங்க வெச்சுக்க முடியாது.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தேன் — அந்தக் கைக்கு வேறு என்ன கொடுப்பது?

மே 12

வண்டிக்காரம்மா வாசலில் நின்றாள். “என்னக்கா, போன தடவையும் கூடை வெக்கல. அண்ணன் எங்க?”

சொன்னேன். வீட்டில் சேரும் பாட்டில்களைக் கழுவாமல், லேபிளைத் தொடாமல் ஞாயிறுதோறும் அவரிடம் கொண்டுபோவதையும் சொன்னேன். அதன் பிறகு மருந்து அலமாரிப் பக்கம் அவர் போவதில்லையாம்.

“ஒரு ஆள் வீட்டுல எத்தனை பாட்டில் சேரும்?” என்றேன்.

அவள் காலிக் கூடையை வாங்கிக்கொண்டு போய் வண்டியிலிருந்து நிரப்பினாள். பச்சையையும் வெள்ளையையும் நன்றாகக் கலந்தே வைத்தாள்.