மட்டாஞ்சேரியில் டீ குடிக்காதவன்

மதினி,

இன்று மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கும்போது சுக்கு வாசனை வந்தது. கண்ணாடி போட்டு அடைத்த புது மெட்ரோ படகு. உள்ளே நம் தேயிலை மலையின் மார்கழிக் காலை மாதிரி குளிர். கதவு திறந்ததும் வெயிலும் உப்புக்காற்றும் அந்த வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. என் பேத்தி ஜெனிபர் கையைப் பிடித்து இழுக்கிறாள், எனக்குக் கால் நகரவில்லை. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்றே நினைத்துவிட்டேன்.

முன்பு நாம் பஸ் பிடித்துக் கொச்சிக்கு வந்த அன்று யார் யார் வந்தோம் என்று கேட்டால் இப்போதும் சீட்டு வாரியாகச் சொல்வேன். முன் சீட்டில் மாதர் சங்கத் தலைவி ரோசம்மா, ஜன்னல் ஓரத்தை யாருக்கும் விடாதவள். அவளுக்குப் பின்னால் லூர்துமேரியும் அவள் மாமியார் ஞானம்மாளும், அடிமாலி தாண்டும் வரை மாறி மாறி வாந்தி. எதிர்ப்பக்கம் அம்மன் கோயில் லயத்து வீட்டுக் கமலம், மாதா எனக்கும் மாதாதான் என்று சொல்லி நம்மோடு ஏறியவள். நடுவில் நீயும் நானும். டிரைவர் பக்கத்தில், முதுகைக் கண்ணாடிக்கும் முகத்தை நமக்கும் காட்டிக்கொண்டு லாரன்ஸ் அண்ணன். சூரியநெல்லி பாக்டரியிலிருந்து கொச்சிக்குத் தேயிலை லாரி ஓட்டியே தலை நரைத்தவர் என்பதால், வழி காட்ட அவரைக் கூட்டி வந்தோம்.

வல்லார்பாடம் மாதா கோயிலுக்குப் போகிறோம் என்றுதான் எல்லோரும் ஏறினார்கள். நீ எதற்கு ஏறினாய் என்று எனக்கு மட்டும் தெரியும். நீ உன் தம்பி சவரிமுத்துவைத் தேடி வந்தாய்.

அவன் மலையை விட்டு இறங்கிய நாளில் நானும் எடை போடும் இடத்தில் நின்றேன். கொழுந்தில் முற்றின இலை கலந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் உன் அம்மாவின் கூடையைக் காலால் கவிழ்த்தான். அந்த அம்மா குனிந்து அள்ளப் போனது. மீசை அரும்பாத சவரிமுத்து, வேலைக்காரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த டீ வாளியைத் தூக்கி அவன் மேல் ஊற்றினான். “இந்தத் தண்ணிய இனிமே என் வாயில வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு பாக்டரி ரோட்டில் இறங்கினவன்தான். உன் அம்மாவை மண்ணில் வைத்த அன்றும் வரவில்லை. கொச்சியில் அவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு நீ இத்தனை வருசம் இருந்தாய்.

லாரி இறங்கும் நாளெல்லாம் பாக்டரி வளைவில் போய் நிற்பாய். “அண்ணே, எந்தம்பியப் பாத்தா அக்கா தேடுறான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்பாய். அவர் கியரை மாற்றிக்கொண்டே சிரிப்பார். “கொச்சி என்ன நம்ம டிவிசனா தங்கச்சி, மஸ்டர்ல பேரக் கூப்பிட்டா கை தூக்குறதுக்கு?” உனக்கும் சிரிப்பு வந்துவிடும். அடுத்த தடவையும் போய் நிற்பாய்.

நாமெல்லாம் கொச்சியைத் தெரிந்துகொண்டது அவர் வாயால்தான், அதை நான் மறுக்கவில்லை. ஒரு காலத்தில் கப்பல் வந்த துறைமுகம் வேறு எங்கோ இருந்ததாம். பெரியாற்றில் பெரிய வெள்ளம் வந்து அதை மண் மூட, இந்தப் பக்கம் கடல் வாய் திறந்துகொண்டதாம். அப்படிப் பிறந்ததாம் கொச்சி. அப்புறம் மிளகுக்கும் ஏலத்துக்கும் இஞ்சிக்கும் ஆசைப்பட்டு அரபிக்காரன் வந்தான், சீனாக்காரன் வலையோடு வந்தான், போர்ச்சுக்கீசியன் கோட்டை கட்டினான், டச்சுக்காரன் அவனை விரட்டினான், இங்கிலீஷ்காரன் டச்சுக்காரனை விரட்டினான். யூதர்களுக்கு ஒரு தெருவே இருந்தது. கடலடிச் சேற்றைத் தோண்டி அள்ளிப் போட்டு ஒரு தீவையே உண்டாக்கி, அங்கே நம் தேயிலையை ஏலம் விடுகிறார்கள். லாரன்ஸ் அண்ணன் இதையெல்லாம் தானே பக்கத்தில் நின்று செய்வித்தது போலச் சொல்வார். பஸ்ஸிலும் அன்று அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

நீ ஒரே ஒரு தடவை வாய் திறந்தாய். “பெரியாறு எங்கேருந்துண்ணே போகுது?” என்று கேட்டாய். நம்ம மலையிலிருந்துதான் என்றார். “அப்ப ஊரத் தொறந்து வுட்டதும் நம்ம தண்ணி, கப்பல்ல ஏறுனதும் நம்ம சரக்கு. எந்தம்பி அங்க ஒண்ணும் அன்னியன் இல்ல” என்றாய். கமலம் எட்டி உன் தோளைத் தொட்டாள்.

வல்லார்பாடத்தில் விளக்குமாறு வாங்கி முற்றம் பெருக்கி நேர்ச்சை செய்தோம். நீ பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கினாய். ரோசம்மா, மாதா பார்த்துவிட்டாள் போதும், வா என்று கூப்பிடும் வரை விடவில்லை.

அப்புறம் போர்ட் கொச்சி. அங்கே நடந்ததை நினைத்தால் இன்றும் ஜெனிபர் முன்னால் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் வரும். தொப்பி போட்ட வெள்ளைக்காரர் நாலைந்து பேர் எதிரே வந்தார்கள். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, நம் கூட்டம் மொத்தமும் ரோட்டை விட்டு இறங்கி சாக்கடை ஓரமாக வரிசையில் நின்றது. துரை வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்ற கால்கள். கடைசி வெள்ளைத்துரை போய் எத்தனையோ காலம் ஆகியும் தொப்பியைக் கண்டதும் அவை தானாக இறங்கிவிட்டன. அந்த வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் ஏதோ பிரார்த்தனை செய்கிறோம் என்று நினைத்து அவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார்கள். நீ மட்டும் நடு ரோட்டில் நின்றாய்.

“ஏறி வாங்கட்டி. இவுக நம்ம கொழுந்த எடை போட வரல” என்றாய்.

ஞானம்மாள் சிரித்த சிரிப்பில் வாந்தி மயக்கமே போய்விட்டது.

மத்தியானம் லாரன்ஸ் அண்ணன் பழைய கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தீவுப் பக்கம் போனார். மற்றவர்கள் வளையல் கடைக்குள் நுழைந்தார்கள். நீயும் நானும் மட்டாஞ்சேரி கிடங்குத் தெருவுக்கு வந்தோம். இந்தச் சுக்கு வாசனை அன்றுதான் என் மூக்கில் ஏறியது. நிழலில் சுமைதூக்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து வந்த சவரிமுத்து என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாய். தெரியாது என்றார்கள். நெற்றியில் இருந்த தழும்பைச் சொன்னாய், பேச்சைச் சொன்னாய். பாண்டிநாடு என்று அவர்கள் சொல்லும் தமிழ்ப்பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள், யாரென்று சொல்வது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. உன் முகத்தைப் பார்த்து மனமிரங்கிய மொய்து என்கிற பெரியவர் நமக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, அவரிடம் இல்லை, என்னிடம்தான் சொன்னாய். “எந்தம்பி இருந்தா இதத் தொட மாட்டான்.”

மொய்து தன் கிளாசைக் கீழே வைத்தார். “சாய குடிக்காத்த சேவியரோ?” என்றார். டீயைத்தான் அவர்கள் சாய என்பார்கள்.

சவரிமுத்து இங்கே சேவியராகியிருந்தான். வாழ்நாள் முழுக்கத் தேயிலைப் பெட்டியைத் தலையில் சுமந்தவன், ஒரு மிடறு குடித்ததில்லை. மழையோ காய்ச்சலோ, பாலில்லாத கட்டன் காப்பிதான். அதை வைத்துக் கூட்டமே கேலி செய்யுமாம். அவனும் சிரிப்பானாம், காரணம் மட்டும் சொல்ல மாட்டானாம். கலியாணம் செய்யவில்லை. ஊருக்குப் போடா என்றால், சொல்லிவிட்டு வந்த வாய், எப்படிப் போவது என்பானாம். மொய்து இதையெல்லாம் மெல்லமெல்லச் சொன்னார், நமக்கு மலையாளம் புரியாதோ என்று நடுநடுவே தமிழ் கலந்து. நீ நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். இப்போது எங்கே இருக்கிறான் என்று நீ கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் கிடங்குக்குள் மூட்டை அடுக்கு சரிந்து அவன் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அக்காவைக் கூப்பிடச் சொன்னானாம். மலையிலிருந்து வரும் லாரி டிரைவரிடம் மொய்துவே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த டிரைவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, கட்டாயம் சொல்கிறேன் என்று போனாராம். அதற்குப் பிறகு வார்டில் யார் நுழைந்தாலும் சவரிமுத்து தலையைத் திருப்பிப் பார்ப்பானாம். “ஆரும் வந்நில்ல”, யாரும் வரவில்லை என்றார் மொய்து. மழை நிற்கும் முன்பே அவன் போய்விட்டான்.

அவனை அடக்கம் செய்த மாதா கோயிலுக்கும் அவரே கூட்டிப் போனார். நம் மலையில் செத்தவருக்குத் தேயிலைக் காட்டின் ஓரத்தில் சொந்தமாக ஆறடி மண் உண்டு, மரச்சிலுவை உண்டு. அங்கே சுவரில் அலமாரி அலமாரியாகக் கல்லறை. சில வருசம் கழித்து எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிட்டு அடுத்தவரை வைப்பார்களாம். ஊரில் இடமில்லை, என்ன செய்வது என்றார் கோயில் பணியாளர். உன் தம்பி இருந்த அறையில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, புதுப் பூவும் இருந்தது. நீ அந்தப் பெயரின் மேலேயே உள்ளங்கையை வைத்தாய்.

“யாரு பேரா இருந்தா என்ன. கொஞ்ச நாள் இதுக்குள்ள படுத்திருந்தான்ல” என்றாய். பிறகு அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து ஜெபம் சொன்னாய்.

திரும்பும்போது நேரியமங்கலம் பாலத்துக்கு இப்புறம் டீக்கடையில் பஸ் நின்றது. நம் பாதையில் ஓடிய லாரிகள் எத்தனை, டிரைவர்கள் எத்தனை. மொய்து சொன்ன டிரைவர் யாராகவும் இருக்கலாம் என்று என்னிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். ஆனாலும் இறங்கி நேரே லாரன்ஸ் அண்ணனிடம் போனாய். சவரிமுத்துவைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தீர்களா என்று கேட்டாய்.

அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“ஆமா தங்கச்சி. கண்டேன். அந்த மழையில ரோடு இடிஞ்சு, ரெண்டு நாள் அடிமாலியில கெடந்து, ஊடு வந்து சேந்தப்ப... சொல்லணும்னு இருந்தேன். மறந்துட்டேன்.”

அதற்குப் பிறகும் ஒவ்வொரு லாரி நாளும் நீ அந்த வளைவில் போய் நின்றாயே, அப்போதும் ஞாபகம் வரவில்லையா என்று நான் கேட்டேன். ஞாபகம் வந்தபோது அவன் இறந்துவிட்டான் என்று கொச்சியில் கேள்விப்பட்டதாகச் சொன்னார். அதை எந்த வாயால் சொல்வது என்று விட்டுவிட்டாராம். கையிலிருந்த டீயை நான் ரோட்டில் ஊற்றினேன். இல்லாவிட்டால் அவர் மேல் ஊற்றியிருப்பேன்.

நீ அவர் கையிலிருந்த கிளாசைப் பார்த்தாய். “மறதி எல்லாருக்கும் உள்ளதுதாண்ணே. ஆறுது, குடிங்க” என்றாய்.

எப்படி மதினி சொன்னாய்? அன்று இரவு முழுக்க அதைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகும் கிறிஸ்துமசுக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாய். அவர் மனைவி நோயில் படுத்தபோது கஞ்சி கொண்டுபோனாய். பாதையில் அவர் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்புவேன், நீ நின்று நலம் கேட்பாய். வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போடுவாய். அந்த மனுசன் ஆஸ்பத்திரி வரை போய்ப் பார்த்தாரே, அதுவும் இல்லாமல் இருந்திருந்தால் என்று கேட்பாய். போய்ப் பார்த்ததால் என் கோபம் போய்விடுமா?

போன மழைக்காலத்தில் நீ படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான். “எனக்காவ அவருகூட ஒரு வார்த்தை பேசிரு புள்ள. அவரும் கெழவராயிட்டாரு.” பார்க்கிறேன் என்றேன். உன் சவப்பெட்டியை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தது அவர்தான். ஒரு பிள்ளையைப் போல அழுதார். அப்போதும் என்னால் முடியவில்லை.

கண்ணில் புரை எடுக்க இங்கே வந்தேன். நல்லபடியாக முடிந்தது. இந்த ஊர் எனக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. ஜெனிபர் ஏழாம் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். நம் லயத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இங்கேதான் சோறு. நர்சாக இருக்கிறார்கள், கடையில் நிற்கிறார்கள், மெட்ரோ ரயிலில் டிக்கெட் கொடுக்கிறார்கள். வல்லார்பாடம் பக்கம் வானத்தளவு கிரேன்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அடுக்குகின்றன. யார் தலையிலும் சுமை இல்லை, யார் மேலும் சரியாது என்றாள் ஜெனிபர். உன் தம்பியை விழுங்கிய ஊர் என்று எத்தனை வருசம் இந்தக் கொச்சியைத் திட்டினேன். இன்று அந்தக் கல்லறைச் சுவரின் முன்னால் நின்று அந்தப் பகையை விட்டேன். இப்போது அங்கே வேறொருவர் பெயர்.

மெழுகுதிரி ஏற்றி ஒவ்வொருவராக மனசில் நினைத்துப் பார்த்தேன். கூடையைக் கவிழ்த்த சூப்பர்வைசரை விட்டேன், அவன் எலும்பும் எங்கேயோ மண்ணாகியிருக்கும். அம்மாவின் சாவுக்கும் வராத சவரிமுத்துவை விட்டேன். உன்னை நினைக்கும்போதுதான் கோபம் வந்தது, அவ்வளவு லேசாக நீ மன்னித்துவிட்டாயே என்று. அதையும் விட்டேன், மதினி.

இவ்வளவும் முடிந்தது. நீ கேட்ட அந்த ஒன்று மட்டும் முடியவில்லை. வார்டுக் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தலை என் கண்முன்னால் வந்து நிற்கிறது. புரை எடுத்த கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த வாரம் மலை ஏறுவேன். பாக்டரி வளைவில் ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று என்னை நலம் கேட்பார். நான் பேசாமல் கடந்து போவேன். நாளை மோட்சத்தில் என்னைப் பார்த்தால் கோபித்துக்கொள். இந்தச் சுமையை நீ இறக்கி வைத்துவிட்டுப் போனாய், நான் எடுத்துக்கொண்டேன். எல்லோரையும் மன்னித்தேன். மன்னிக்காதது ஒரே ஒருவனை.

அந்த லாரன்ஸை.