பக்கத்துப் போர்ஷன் செல்லோ

9.8.77 செவ்வாய்
வெயில் கொளுத்தல். ஏழாம் வகுப்பு கணக்கு நோட்டு திருத்தணும். மண்ணெண்ணெய் தீர்ந்தது.
பக்கத்துப் போர்ஷனுக்கு வெள்ளைக்காரம்மா குடிவந்தாச்சு. பேர் மார்த்தா. வயது அறுபது இருக்கும். ஆசிரமத்துக்கு வந்தவர். கூடவே ஆளுயரப் பெட்டி, இறக்க முடியாமல் ஜட்காக்காரர் திணறல். உள்ளே பிடில் மாதிரி ஒன்று. தோளில் வைத்தால் தோள் இறங்கிவிடும். முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வில் போடுகிறார். செல்லோவாம்.

11.8.77 வியாழன்
சாயங்காலம் செல்லோ. நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டேன். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தது இன்றுதான்.
வீட்டுக்கார அம்மா வந்தார். பேர் சின்னப்பொண்ணு. வந்து நின்றால் வாசலில் வெளிச்சம் கிடையாது.
"இன்னா டீச்சர் அது, மாடு கத்தற மாதிரி?"
"செல்லோங்க."
"செல்லுன்னா போன்னுதானே அர்த்தம்? பேரே போவச் சொல்லுது. பௌர்ணமிக்குள்ள காலி பண்ணச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது."
எனக்கு வருவதுதான் வம்பு.

13.8.77 சனி
தலைவலி. மார்த்தாவிடம் சொல்லப் போனேன். வாய் வரவில்லை. சமாளிக்க, செல்லோ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுவைத்தேன். இத்தாலிக்காரர்கள் வைத்த பேராம். முழுப்பேர் வயலோன்செல்லோ. 'சின்னப் பெரிய பிடில்'. நீளம் ஜாஸ்தி என்று முன்பாதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் 'சின்ன' மட்டும்.
சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டார். வீட்டுக்கார அம்மா பேரை எப்படிச் சொல்வது?

14.8.77 ஞாயிறு
துணி துவைத்தல். சோப்பு கம்மி.
பயந்துகொண்டேதான் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "செல்லோன்னா போன்னு இல்லீங்க. சின்னதுன்னு அர்த்தமாம்."
தவிடு கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது.
"அவ்ளோ பெருசுக்கா?"
"ஆமாங்க."
"பேரு வெக்கும்போது சின்னதா இருந்திருக்கும்," என்றார். மறுபடி தவிட்டில் கை. கோபமா, இல்லையா, பிடிபடவில்லை.

15.8.77 திங்கள்
பள்ளியில் கொடியேற்றம். ஆளுக்கு இரண்டு மிட்டாய். வீட்டுக்கார அம்மா முகம் கொடுக்கவில்லை. மார்த்தா ஒன்றும் தெரியாமல் வாசிக்கிறார். இவர் போய்விட்டால் எனக்குக் கஷ்டம்தான்.

16.8.77 செவ்வாய்
ஒருவழியாக மழை. ஈரம் ஆகாது என்று மார்த்தா பெட்டியைத் திறக்கவில்லை. விளக்கு வைத்தும் சத்தம் இல்லை.
ஜன்னலில் தட்டல். வீட்டுக்கார அம்மா, தலையில் கோணிப்பை.
"இன்னா டீச்சர், சின்னப்பொண்ணு இன்னிக்கி வாயே தொறக்கல? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"