நஸ்ருன்னிசா டீச்சரின் பதினேழாவது கேசட்

23 மே 1999, ஞாயிறு

ராயப்பேட்டை நஸ்ருன்னிசா டீச்சர் ஒரு மூட்டை வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து இறக்கினார். பதினாறு. இன்னும் ஒன்று வீட்டில் இருக்கிறதாம், பிறகு தருவாராம். எல்லாவற்றையும் சிடியில் ஏற்ற வேண்டும்.

"குவாலிட்டி குறையாம பண்ணிக் குடு சுஹாஸ்."

குறையும் டீச்சர் என்றேன். இருப்பதில் எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பதுதான் என் வேலை. முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும். பொய் சொல்லி வேலை வாங்க எனக்கு வராது.

25 மே

எட்டு கேசட்டில் பூஞ்சை. கடல் காற்றும் இரும்பு பீரோவும் சேர்ந்தால் இப்படித்தான். கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.

எந்தக் கேசட் வந்தாலும் முதலில் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவேன். அது போய்விட்டால் யாரும் தவறிக்கூட மேலே ரெக்கார்ட் செய்ய முடியாது. அம்மாவுக்குத் தாங்கவில்லை: "ஊரார் கேசட்டையெல்லாம் ஏண்டா ஒடைச்சிண்டிருக்கே?"

வீடியோ டெக்கில் ஒலியை ஹை-ஃபையில் வைத்தால் பழைய கேசட்டுகள் கரகரவென்று இரைகின்றன. ஒலி சுவிட்சை 'நார்மல்' பக்கம் தள்ளிவிட்டேன். தொல்லை விட்டது.

28 மே

கரண்ட் போய் ஒரு சிடி பாழ். இன்று இவ்வளவுதான்.

2 ஜூன்

டீச்சர் பதினேழாவது கேசட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். அவருடைய நிக்காஹ், 91. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

படம் அருமை. இத்தனை சுத்தமான கேசட் இந்த மூட்டையிலேயே கிடையாது. சத்தம்தான் வழக்கம்போல: வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டாகப் போட்டு நிரப்பியிருக்கிறார். நான் நிறத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். டீச்சர் திரையில் மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைகிறது. டூயட் கேட்கிறது.

"இந்த இடத்துலதான் அவர் கபூல்னு சம்மதம் சொல்றார். பாட்டை மட்டும் எடுத்துட முடியுமா?"

டீச்சரின் கணவர் 93-இல் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மகள் உம்மே ஹானிக்கு அப்போது ஏழு மாதம். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லையாம். அந்த வீடியோக் கடையும் இப்போது இல்லை.

"அழிச்சிட்டுத்தான் டீச்சர் பாட்டு போட்டிருப்பான். போனது போனதுதான்" என்றேன்.

சரி என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். டீச்சரின் தம்பி குலாம் ரசூல் உலகக் கோப்பை மேட்ச் ரெக்கார்ட் செய்யக் காலிக் கேசட் கேட்டு ஒரு வாரமாக நச்சரிக்கிறார். "படம் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. கேசட்டை உங்க தம்பிகிட்ட குடுத்துடுங்க" என்றேன்.

8 ஜூன், செவ்வாய். பகல் 2.30

வேறொரு வீட்டுக் கல்யாணக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கை டெக்கில் இடித்து, சுவிட்ச் ஹை-ஃபைக்கு நகர்ந்துவிட்டது. நாதஸ்வரப் பாட்டு நின்றது. ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து யாரோ, "சாம்பார் எங்கய்யா!"

பத்து விநாடியில் புரிந்துவிட்டது. மேலே போடும் பாட்டு நாடாவின் ஓரத்தில் மட்டும்தான் பதியும். ஹை-ஃபை ஒலி படத்தோடு படமாக எழுதியிருப்பது. படத்தை அழிக்காமல் அதை அழிக்கவே முடியாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்! முட்டாள். வடிகட்டின முட்டாள்.

இன்றைக்கு மான்செஸ்டர் மேட்ச். மூணே காலுக்கு ஆரம்பம். டீச்சர் பள்ளிக்கூடத்தில். அவர் வீட்டு போன் எங்கேஜ்டாகவே இருக்கிறது. அந்தக் கேசட்டில் துண்டை உடைத்தேனா? மற்ற பதினாறும் மூட்டையில் வந்தவை, உட்கார்ந்து வரிசையாக உடைத்தேன். இது கைப்பையிலிருந்து நேராக டெக்குக்குப் போனது. ஞாபகமே இல்லை. ஸ்கூட்டர் சாவி எங்கே—

இரவு

குலாம் ரசூல் டீச்சர் வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வா நைனா வா! பாண்டி பஜார்ல கடையை மூடிட்டு வந்து குந்திக்கினு கீறேன். ரெக்கார்ட் பட்டனை அமுத்துனா கேசட்டு வெளிய வந்து வுழுது. இன்னா கேசட்டு இது?"

முதுகைத் திருப்பிப் பார்த்தேன். துண்டு இல்லை. உடைத்திருக்கிறேன்! எப்போது உடைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

"அந்த ஓட்டை மேல செலோ டேப் ஒட்டி ரெக்கார்ட் பண்ணலாம்னு எழுந்தேன், அதுக்குள்ள டாஸ் போட்டுட்டான்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை.

"இன்னா மச்சி, வெயில் பட்டுக்கிச்சா?"

9 ஜூன்

சாயங்காலம் டீச்சர் வந்தார். நானாகச் சொன்னேன்: அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன், தப்பு என்னுடையது. நேற்று கையோடு வாங்கிவந்த கேசட்டைப் போட்டு, சுவிட்சை ஹை-ஃபைக்குத் தள்ளினேன். கரகரப்பு இருக்கத்தான் செய்தது. டிராக்கிங் குமிழைத் திருகித் திருகி நாற்பது நிமிஷம். அப்புறம் அறை முழுக்க ஜனங்கள் வந்துவிட்டார்கள்: குழந்தை அழுகை, தட்டுச் சத்தம், நிக்காஹ் நடத்தும் காஜி தொண்டையைச் செருமுவது.

கபூல். மூன்று தடவை. மூன்றாவதில் குரல் உடைந்தது.

உடனே மாப்பிள்ளை தலையைச் சாய்த்துப் பக்கத்தில் இருந்த சிநேகிதரிடம், "வாசல்ல செருப்பைப் பார்த்துக்கடா, புதுசு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பிறகு, "எங்க வாப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் குடுத்த செருப்பு. அன்னிக்கே தொலைஞ்சு போச்சு" என்றார்.

கரகரப்பை ஃபில்டர் போட்டுக் குறைக்கலாம். போட்டால் குரலும் கொஞ்சம் மெலியும். டீச்சரைக் கேட்டேன். "ஒண்ணும் பண்ணாத. அப்படியே இருக்கட்டும்." அந்த ஒரு சிடியை மட்டும் இன்றே கையோடு கொண்டுபோனார்.

13 ஜூன், ஞாயிறு

பதினேழையும் மறுபடி ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இன்னும் நான்கு கேசட்டில் பாட்டுக்கு அடியில் ஆட்கள் இருந்தார்கள். மற்ற சிடிகளையும் கேசட்டுகளையும் ராயப்பேட்டையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றையும் தூக்கிப்போடக் கூடாது என்று குலாம் ரசூலிடம் தனியாகச் சொல்லிவைத்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உம்மே ஹானி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். குரலைத் தடிமனாக்கிக்கொண்டு, "வாசல்ல செருப்பைப் பார்த்துக்கடா, புதுசு!" என்றாள். அந்தக் 'கடா'வில் அவள் அப்பாவின் அதே இழுப்பு.

என்னுடையது இரண்டு வருஷப் பழசு. இருந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.