உம்மா கிதாபு என்று நினைத்த புத்தகம்

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் காய்ந்து மொரமொரப்பு. வேலை செய்யும் லாபில் சரியான சனம், எல்லாருக்கும் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டுமாம். ஊசியைக் கண்டு அழுத ஒரு பெரிய மனிதருக்கு ஆறுதல் சொல்லியே பாதி நேரம் போனது. களைத்து வீட்டுக்கு வந்தால் உம்மாவின் முகத்தில் பெருநாள்.

பாலமுனையிலிருந்து பேசி வந்திருக்கும் மாப்பிள்ளை எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கலியாணத்தைப் பேசுவது சாச்சி, அவர் கையில் வந்தது. (மாப்பிள்ளையின் பெயரை எழுதக் கூச்சம். இனி பா.) கறுப்பு மட்டை, தங்க நிறத்தில் இங்கிலீஷ் எழுத்து, நடுவில் பச்சைப் பட்டு நாடா. தூக்கினால் ஐந்து கிலோ அரிசி. உம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மார்க்கப் புத்தகம் என்றே முடிவு.

"கிதாபு அனுப்பியிரிக்காரு புள்ள! சென்ட் போத்தல் இல்ல, சொக்லட் இல்ல, கிதாபு! இப்பிடி மார்க்கப் பற்றுள்ள புள்ள இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்?"

கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்து, இரண்டு கையாலும் ஏந்தி, அலுமாரிக்கு மேல் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

பிறகு இறக்கி, அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தேன். முதல் பக்கம்: சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் ஒரு மாடிக் கட்டடத்தைப் பிடுங்கி இன்னொருவர் தலையில் போடுகிறார். சித்திரக்கதை! முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு!

உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 2, புதன்

சொல்லவில்லை.

பா.வோடு வட்ஸ்அப்பில் கதைக்க உம்மா அனுமதி தந்திருக்கிறார். போட்டோ மட்டும் அனுப்பக் கூடாது. ஏன் இந்தப் புத்தகம் என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன். பதில் வர நேரம் எடுத்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"கலியாணம் முடிஞ்சா உங்கட ஊட்டுக்கு நான்தானே வரணும். என்னோட இதுகளும் வரும். இன்னும் நிறைய இரிக்கி. ஒளிச்சி வெச்சிக் கொண்டுவர விருப்பமில்ல. வாசிச்சிப் பாருங்க. சரிவராட்டி நேரே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன்."

போன வருடம் பேசி வந்தவர்கள் வீட்டில் எத்தனை அறை, எத்தனை ஏசி என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு சரி. இது பரவாயில்லை. ஆனாலும் பைத்தியமோ என்று ஒரு சந்தேகம்.

முட்டை முடிந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

வாசிக்கத் தொடங்கியாயிற்று. ஒரே கதை இல்லை இது. இருபது முப்பது தனித்தனிக் கதைப் புத்தகங்கள். அவற்றின் வீரர்கள் எல்லாரும் ஒரு பெரிய சண்டைக்கு ஒன்று கூடுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பாகம் என்று பா. விளக்கினார். நம் பக்கத்துக் கலியாண வீடு மாதிரித்தான். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

மறக்காமல் இருக்க:
– சிவப்புச் சட்டை: தலைவர். எல்லாருக்கும் ஏச்சு.
– புகைக்காரி: புகையாக மாறுவாள். தலைவருடைய மருமகள் என்று நினைக்கிறேன்.
– கண்ணாடி மனுஷன்: நல்லவரா கெட்டவரா தெரியாது. அவருக்கே தெரியாது போல.
– மற்றவர்கள்: கணக்கில்லை.

குறைகள்: ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு ஆள் படம் கீறியிருக்கிறார். புகைக்காரிக்கு ஐந்து விதமான மூக்கு. ஒரே சண்டை மூன்று தரம் வருகிறது, மூன்று பேர் பார்வையில். செத்துப்போனவர் அடுத்த பகுதியில் தேத்தண்ணீர் குடிக்கிறார். பா.விடம் கேட்டேன். அது சாவுக்கு முதல் நடந்ததாம், அச்சில்தான் பிறகு வந்ததாம். எனக்குத் தலையிடி.

ஆனால் வைக்கவும் முடியவில்லை. சோறு வடிக்க மறந்து, குழைந்துவிட்டது.

உம்மா ரோடு முழுக்கச் சொல்லிவிட்டார். முன்வீட்டு ராத்தா என்னைப் பிடித்து, "மாப்புள கிதாபு அனுப்பினாராமே, என்ன கிதாபுகா?" என்று கேட்டார். "பெரிய கிதாபு" என்றேன். பொய் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

லீவு. உம்மா என் அறைக் கதவை மெதுவாகச் சாத்துகிறார், புள்ள ஓதுகிறாள் என்று. வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கும் சொல்லவில்லை.

நடுப்பகுதி. வானத்தில் பெரியவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஆள் அடிபடுகிறார்கள். கீழே ஒரு பாலம் உடைகிறது, அதற்கு மேல் ஒரு பஸ், நிறையச் சனம். ஒரு பெண் ஓடி வருகிறாள். தடித்த உடம்பு, சாதாரண மழைக்கோட்டு. அவள் பிடித்த பொருள் விழாது. அது ஒன்றுதான் அவளுடைய சக்தி. பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. பாலத்துக்குக் கீழே போய்க் கையைக் கொடுத்து நிற்கிறாள். பஸ் போகிறது. பிறகு இன்னொரு பஸ். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று பக்கம்தான். பக்கத்தைப் புரட்டினால் மறுபடியும் வானத்தில் சிவப்புச் சட்டை, பேச்சோ பேச்சு.

அந்தப் பெண் எங்கே? கடைசி வரை தேடினேன். வெற்றி விழாவுக்கு எல்லாரும் வருகிறார்கள், நாய் கூட வருகிறது. அவள் இல்லை. பாலத்துக்குக் கீழேயே விட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம்! கீறினவன் முன்னால் இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். பா.வுக்கு அனுப்பினேன்: பாலத்தைப் பிடித்த பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது?

ஜூலை 7, திங்கள்

காலை லாபில், கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பா.வின் பதில்:

"அத நீங்களும் கேட்டுட்டீங்களா! ஒருத்தரும் அவவக் கவனிக்கிறல்ல. அதுக்குப் பொறகு அவ எங்கயும் வாறல்ல. நான் வருஷக் கணக்காத் தேடுறன். மத்தப் புத்தகமெல்லாம் வாங்கினதே அதுக்குத்தான். எங்கயாவது ஒரு மூலையில, சனத்தோட சனமா நிண்டாலும் போதும்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு இவரைப் பிடித்துவிட்டது. எழுதியாயிற்று, இனி வெட்டப் போவதில்லை.

உம்மா கிதாபு என்று நினைப்பதையும் சொன்னேன். முதலில் சிரிப்புக் குறி. பிறகு, "அல்லாஹ்வே! கிழியும் எண்டு படம் போட்ட மேலுறையக் கழட்டினது என்ட புழைதான். உம்மாட்ட நானே வந்து சொல்லட்டா?" வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். பெரிய தைரியசாலி நான்.

ஜூலை 9, புதன்

நான் சொல்லுமுன் நடந்துவிட்டது.

லாபிலிருந்து வந்தபோது சாச்சி கதிரையில், உம்மா தரையில், நடுவில் புத்தகம். நாளைக்குப் பெண்களின் மார்க்க வகுப்பான தஃலீமுக்குக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று சாச்சி அலுமாரிக்கு மேலிருந்து இறக்கியிருக்கிறார். நாடா வைத்த பக்கத்தில் சிவப்புச் சட்டையார், முழுப் பக்கம், இறுக்கமான உடுப்போடு.

சாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். உம்மா சிரிக்கவில்லை.

"களுசானுக்கு மேலால ஜங்கி போட்டவன், குர்ஆனுக்குப் பக்கத்துல! ஒளு எடுத்தெல்லகா நான் தொட்டன்!"

"உம்மா, அவர் கிதாபு எண்டு சொல்லல்லயே."

"நீ சொன்னியா? ஒரு கிழமையா ரூமுக்குள்ள இரிந்து இதைத்தானே பார்த்த! ஊரெல்லாம் சொல்லிட்டன். நாளைக்கு எந்த முகத்தோட தஃலீமுக்குப் போற?"

உம்மா சொன்னது சரி. எனக்காகத்தான் பெருமைப்பட்டார், அதில் நான்தான் மண்ணைப் போட்டேன்.

"வெள்ளிக்கிழமை மாப்புளட உம்மா கோல் எடுப்பா. சரிவராது எண்டு சொல்லிப் போடுவன். சின்னப் புள்ளையள்ற கதை பார்க்கிற ஆளுக்கா உன்னக் குடுக்கிற?"

இரவுச் சாப்பாடு யாருக்கும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

உம்மா தஃலீமுக்குப் போகவில்லை. தலையிடி என்று ஆள் சொல்லி அனுப்பினார். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு போய் இருந்தேன்.

"எடு அங்கால."

"மூணு பக்கம் மட்டும் பாருங்க. இவ மரியாதையான உடுப்புத்தான்."

பாலத்துப் பெண்ணைக் காட்டினேன். கதையைச் சொன்னேன். உம்மா பார்க்காத மாதிரிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் இருந்த குழந்தைகளை மட்டும் எண்ணினார்.

"மறுகா இவவுக்கு என்ன நடந்த?"

"தெரியா உம்மா. ஒருத்தரும் எழுதல்ல. அவர் இன்னும் தேடுறாராம்."

"இந்த மனிசியையா?"

"ஓம்."

திருவலை நிறுத்தினார். பிறகு, "தேடி என்ன செய்யப் போறாராம்?" என்றார். பிறகு, "எதுக்கும் நான் யோசிக்கணும்" என்றார். அவ்வளவுதான். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சனம் கலையும் நேரம். வெயில். உம்மாவின் போன் அடித்தது. பாலமுனையிலிருந்து, பா.வின் உம்மா.

நான் குசினி வாசலில். சுகம் விசாரித்தல், மீன் விலை, காற்று. பிறகு சத்தம் தணிந்தது. உம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுகிறார்.

"இல்ல, ஊட்டுல கொஞ்சம் யோசனையாத்தான் இரிக்கி. புள்ளையும் ஒண்டும் சொல்றாவுமில்ல, பேசாம இரிக்கா..."

எங்களில் பெண்ணிடம் கேட்டால் அவள் தலையைக் குனிவாள். அந்த மௌனத்தைப் பெரியவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொள்வார்கள். போன வருடமும் அப்படித்தான் குனிந்தேன். இன்றைக்கும் குனிந்தால், இந்த மௌனம் வேண்டாம் என்று பாலமுனைக்குப் போகும்.

"உம்மா, எனக்கு ஓம்" என்றேன். சத்தமாக மறுபடியும் சொன்னேன். "ஓம்!"

உம்மா போனைக் கையால் பொத்தினார். பிந்திவிட்டது. பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"பொத்தாதீங்க தங்கச்சி, எனக்குக் கேட்டிட்டு. பக்கத்துல இரிக்கிற என்ட மகனுக்கும் கேட்டிட்டு."