பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு படம்

பியர்பொன்ட்ஸ்,
மாசி 20, 2007

அன்புள்ள மகன் கஜீவனுக்கு,

இன்று விடிய எழும்பி, கேத்திலைக்கூட அடுப்பில் வைக்காமல், முதல் வேலையாகக் கொம்பியூட்டரைப் போட்டு எங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். படம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் வெறும் பெட்டியும் மூலையில் சின்னச் சிவப்புப் புள்ளடியும் நிற்கிறது. அதைக் கண்ட பிறகுதான் சாமிக்கு விளக்கு வைத்துத் தேத்தண்ணீர் போட்டேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் இந்தக் குளிருக்குச் சொல்வழி கேட்குதில்லை. எட்மண்டனில் இதைவிடக் குளிர் என்று செய்தியில் சொன்னார்கள். உன் சுகத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார், ஆனால் காதை மூடுகிற தொப்பியை நீதான் எடுத்துப் போடவேண்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொல்லிக்கொண்டு வேறு எதையோ தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும், அதோடு அப்பா பின்னால் நின்று தன்னுடைய பக்கத்தைச் சொல்லுவார். அவர் சொன்ன பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத்தானே நீ மரி-லூவுக்கு அப்படியொரு ஈமெயில் அனுப்பினாய். அந்தப் பிள்ளை எனக்கு அதை வாசித்துக் காட்டினாள், எனக்கே முகம் சுட்டது. உன்னோடு படித்தவள், எங்கள் கல்யாண மேடைச் சோடனை வேலைக்கு வெப்சைட் செய்ய நீயே பிடித்துத் தந்தவள், எங்கள் வீட்டில் புட்டும் சம்பலும் சாப்பிட்டுப் போனவள். பிழை அவளுடையது இல்லை. முழுவதையும் வாசித்துவிட்டுச் சொல்.

அவள் வந்த முதல் நாள் நான் எங்கள் அல்பங்களில் இருந்து நல்ல படங்களாகப் பார்த்து ஒரு சீடியில் கொடுத்தேன். கல்யாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று எல்லாம் கலந்து இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தவள், கௌரி அன்ரியின் மகள் சாருஜா, உன் அப்பா செய்த தாமரை மேடையில் இருக்கிற படத்தில் நின்றுவிட்டாள். எல்லாவற்றிலும் இதுதான் வடிவு, இது என்ன விசேஷம் என்று கேட்டாள். நீ ஆம்பிளைப் பிள்ளை, உனக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது, எழுதாவிட்டால் கதை விளங்காது. பிள்ளை பெரியவளானதற்குச் செய்கிற கொண்டாட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா வேறு அந்த அறையிலேயே ஏணியில் நின்று பல்ப் மாற்றிக்கொண்டிருந்தார். அது பெண் பிள்ளைகளுக்குச் செய்கிற ஒரு சடங்கு, மணப்பெண் மாதிரிச் சோடிப்போம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டோ என்று கதையை மாற்றினேன். யோசித்துப் பார், ஹோல் எடுத்து, ஊரெல்லாம் கூப்பிட்டு, வீடியோக்காரரையும் பிடித்து நாங்கள் செய்கிற ஒன்றை, என் வீட்டுச் சோபாவில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு வசனத்தில் சொல்ல எனக்கு வெட்கம். நான் பட்டம் எடுத்தவள், இங்கே வந்து பிரெஞ்சு வகுப்புக்கும் போனவள். சொல் தெரியாமல் இல்லை.

பேந்து அவள் பக்கங்களைச் செய்துகொண்டு வந்தபோது என் கண் முழுக்கத் தமிழ்ப் பக்கத்தில்தான். எங்கள் கொம்பியூட்டரில் சரியாக இருந்த எழுத்து அவளுடையதில் பெட்டி பெட்டியாக வந்தது, கடைசியில் எழுத்தையே படமாக்கி ஏற்றினோம். ஒரு கொம்பு, ஒரு கால் விடாமல் பார்த்தேன். இங்கிலீஷையும் பார்த்தேன். பிரெஞ்சு அவளுடைய தாய்மொழி, அதில் நான் என்ன பிழை பிடிக்கிறது என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில்தான், எங்கள் மணப்பெண்கள் என்ற தலைப்பின் கீழே, முதல் படமாகச் சாருஜா. பதின்மூன்று வயது. நான் சொன்னதைத்தானே அவள் போட்டாள்.

பொங்கலோடு வெப்சைட் ஏறியது. ரொக்ஸ்பரோவில் இருந்து, லாவாலில் இருந்து என்று போன் வரத் தொடங்கியது, எல்லோரும் அந்தத் தாமரை மேடையையே கேட்டார்கள், அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. கௌரியும் லண்டனுக்கும் சுவிஸுக்கும் போன் எடுத்து, மகளின் படம் இன்டர்நெட்டில் இருக்கு, பாருங்கோ என்று சொல்லிவிட்டா. பார்த்தது அவர்கள் மட்டும் இல்லை. சாருஜாவின் வகுப்பில் படிக்கிற ஒரு லெபனான் பிள்ளையின் தமக்கைக்குக் கல்யாணம், சோடனைக்கு ஆள் தேடியவர்கள் எங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அடுத்த நாள் அந்தப் படம் கலரில் அச்சடித்தபடி வகுப்புக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் மடாம். மடாம், உங்கள் கணவர் சுகமோ, மடாம், வீட்டுப்பாடம் அவரோ செய்து தந்தவர் என்று ஒரே பகிடி. அந்தக் கடுதாசி ரீச்சரின் கைக்குப் போக, அவ பயந்துபோனா. நான் அவவைக் குறை சொல்லமாட்டேன், அந்த வயதுப் பிள்ளையை மணப்பெண் என்று போட்டிருந்தால் நானும் பயந்திருப்பேன். தாய் தகப்பன் உடனே வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து போன். கௌரியின் மனிசன் வேலையில், கௌரிக்குப் பிரெஞ்சு போன்ஜூர், மெர்சியோடு முடிந்துவிடும். அதனால் கதைக்க நான் போனேன்.

மரி-லூவுக்கு முன்னால் விழுங்கியதை அதிபரின் அறையில் முழுவதும் சொன்னேன். அதிபரும் ரீச்சரும் ஒரு சமூக சேவையாளரும் முன்னால், எனக்குப் பக்கத்துக் கதிரையில் சாருஜா, ஜக்கெற்றின் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு. அதோடு முடிந்திருக்கும், கௌரி சும்மா இருந்திருந்தால். அவ பெரிய பையைத் திறந்து, பிள்ளையின் பாரமான அல்பத்தை எடுத்து மேசையில் வைத்து, கேளுங்கோ பாலாக்கா, இதிலை மாப்பிளை எங்கை எண்டு கேளுங்கோ என்றா. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பத் தொடங்கினா. மச்சான்மார் பல்லக்கில் தூக்கி வருகிற படம், புகைக்குள்ளால் இறங்குகிற படம், மாமிமார் தட்டம் ஏந்துகிற படம், உடுப்பு மாற்றி மாற்றி எடுத்த படங்கள். இவர் தாய்மாமன், மாப்பிளை இல்லை எண்டு சொல்லுங்கோ, இது கேக் எண்டு சொல்லுங்கோ. நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியில் சாருஜா கையை நீட்டி அல்பத்தை மூடினாள். இது கல்யாணம் இல்லை, ஒரு பார்ட்டி, என்னை ஒருத்தருக்கும் கட்டிக்கொடுக்கவில்லை, நாளைக்குக் கணக்குச் சோதனை இருக்கு, வீட்டுக்குப் போகலாமோ என்று பிரெஞ்சில் கேட்டாள். அதிபர் சிரித்துவிட்டு எங்களிடம் மன்னிப்பும் கேட்டார். அவர்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

காரில் கௌரி முன் சீற்றில் இருந்து, பாத்தியளோ அக்கா, அல்பம் கொண்டு போனது எவ்வளவு நல்லதாப் போச்சு என்றா. அன்ரியின்ரை வெப்சைட்டிலை ஒரு படம்தானே இருந்தது, நீங்கள் எல்லாத்தையும் காட்டிப்போட்டியள் என்று பின்னால் இருந்து குரல் வந்தது. வாயை மூடு என்றா கௌரி. பிள்ளை மூடிக்கொண்டது. அடுத்த நாள் சோதனைக்குப் போகவில்லை, வயிற்றுக்குத்தாம். கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலே அழுகிற பிள்ளை. அன்று தொடங்கின வயிற்றுக்குத்து இன்றுவரை நிற்கவில்லை, டொக்டர் ஒன்றும் இல்லை என்கிறார், அவள் பள்ளிக்கூடம் போகிறாள் இல்லை.

மரி-லூவுக்கு அன்று பின்னேரமே போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை அழுதாள், ஏன் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களைக் குறைவாக நினைத்திருப்பேன் என்றோ என்று கேட்டாள். தலைப்பை உடனே மாற்றினாள், படம் மட்டும் இருந்தது. அப்பா, தலைப்பை மாத்தியாச்சு, பேந்தென்ன, மேடை அதிலைதானே முழுசாத் தெரியுது என்றார். அந்த மேடையை அவர் முழங்கால் நோவோடு கராஜில் இருந்து இதழ் இதழாக வெட்டினவர், அவருடைய ஆசையும் எனக்கு விளங்கும். கௌரிக்கோ வேறு கவலை, இப்ப எடுத்தால் நாங்கள் ஏதோ களவு செய்து பிடிபட்ட மாதிரியெல்லோ என்கிறா. அதுவும் பொய் இல்லை. இருவரும் அந்தப் பிள்ளையில் உயிரை வைத்திருக்கிறவர்கள்தான்.

நேற்றுப் பின்னேரம் சாருஜா தானாக எனக்குப் போன் எடுத்தாள். அன்ரி, அந்தப் படம் அங்கைதான் இருக்கப்போகுதோ என்று கேட்டாள். பாப்பம் பிள்ளை என்றேன். பெரியாக்கள் பாப்பம் எண்டால் ஓம் எண்டுதானே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பிறகு மரி-லூவுக்குப் போன் எடுத்து, இப்போதைக்கு அந்தப் படத்தை இறக்கிவிடு என்றேன். அப்பா இன்னும் பார்க்கவில்லை, கண்டால் ஏதோ பழுது, திரும்ப வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார்.

உனக்கு நான் சொல்லுகிறது இவ்வளவுதான். மரி-லூவுக்கு ஒரு மன்னிப்பு எழுது, ஈமெயில் மட்டும் காணாது, போன் எடுத்துக் கதை. கோபம் வந்த நேரத்தில் எழுதினதை அடுத்த நாள் வாசித்துவிட்டு அனுப்பப் பழகு. பிரெஞ்சுப் பக்கத்தைத் திருத்த அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், இந்த முறை சாமத்தியவீடு என்றால் என்ன என்று நானே பக்கத்தில் இருந்து சொல்லி எழுதுவிப்பேன், அப்பா ஏணியில் நின்றாலும் சரி. உனக்கு மிளகாய்த்தூளும் அரிசிமாவும் பார்சல் போட்டிருக்கிறேன். இரவில் எஞ்சின் உறையாமல் காருக்குக் கரண்ட் வயர் குத்த மறக்காதே, போன முறை மறந்துவிட்டு வேலைக்குப் பிந்திப் போனது எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு, கிழமைக்கு ஒருக்காலாவது கடையில் வாங்காமல் சமை. நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் நல்லவன் என்று சொல்ல, தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும்.

கையெழுத்து வைக்கமுதல் ஒன்று. இதை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை, எழுதுகிறபோதுதான் எனக்கே நிச்சயமானது. அந்தப் படம் திரும்ப ஏறாது. தாமரை மேடையை ஆள் இல்லாமல் வைத்துப் படம் எடுப்போம். இனிமேல் சாமத்தியவீட்டுக்கு மேடை கேட்டு யார் வந்தாலும், முதலில் பிள்ளையோடு என்னைத் தனியக் கதைக்க விடுங்கோ என்று கேட்கப்போகிறேன், பிள்ளை வேண்டாம் என்றால் மேடை எங்கள் பேஸ்மென்டிலேயே இருக்கட்டும். எங்களுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் இதுதான் என்று உனக்குத் தெரியும். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார், கௌரி என்னோடு கோபிப்பா. மத்தியானம் இடியப்பம் அவித்துக்கொண்டு சாருஜாவிடம் போகிறேன். முதலில் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்லுவேன்.

உன்னில் அன்பு மாறாத,
அம்மா
பாலாம்பிகை